செங்குத்து அச்சுக் காற்றாலைக்கு கியூபிளேடு: எங்கே நம்பலாம், எங்கே காலை வாரும்

செங்குத்து அச்சில் சுழலும் டாரியஸ் வகைக் காற்றாலைக்குக் கணக்குப் போட இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் நிரல் எழுதத் தெரியாதவரும் நிறுவி, பிளேடு வரைந்து, திறன் வளைவு வரை போய்ச் சேர முடிகிறது என்றால் அது கியூபிளேடு ஒன்றில்தான். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டேவிட் மார்ட்டன் முதன்மையாக எழுதி வளர்த்தது. ஃபாயில், அதாவது பிளேடின் குறுக்குவெட்டு வடிவம், காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்க மார்க் ட்ரெலா எழுதிய எக்ஸ்ஃபாயில் நிரலை, ஆந்த்ரே டெபெருவாவின் எக்ஸ்எஃப்எல்ஆர்5 மென்பொருள் வழியாகத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் ஃபாயில் வரைவது, அதன் தூக்கு-இழுவை அட்டவணையான போலாரைக் கணிப்பது, பிளேடு அமைப்பது, ரோட்டாரைச் சுழற்றிப் பார்ப்பது எல்லாம் ஒரே சன்னலில் நடக்கின்றன.

வசதி அங்கேதான், வம்பும் அங்கேதான். ஒரு கட்டத்தில் செய்த பிழை அடுத்த கட்டத்துக்குச் சத்தமில்லாமல் போய்விடும். கடைசியில் வரும் திறன் வளைவு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். இந்த மதிப்புரை முழுக்க செங்குத்து அச்சுப் பயன்பாட்டைப் பற்றியது மட்டுமே. கிடைமட்ட அச்சுக்கு இது வேறு தரத்தில் வேலை செய்கிறது, அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பேச வசதியாக ஓர் உதாரண ரோட்டாரை எடுத்துக்கொள்வோம். நேரான மூன்று பிளேடுகள், ஆரம் 1 மீட்டர், உயரம் 2 மீட்டர், பிளேடின் அகலம் 20 சென்டிமீட்டர், ஃபாயில் நாகா 0018 என்ற சமச்சீர் வடிவம். காற்றை மறிக்கும் பரப்பு 4 சதுர மீட்டர். பொறியியல் கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்ட்களில் வழக்கமாகக் காணும் அளவு இதுதான்.

இந்த வகை ரோட்டார் ஏன் கணக்குக்கு அடங்க மறுக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிளேடின் வேகம் காற்றின் வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் முனை வேக விகிதம், சுருக்கமாக டிஎஸ்ஆர். அது 3 என்றால், ஒரே சுற்றில் பிளேடின் தாக்குகோணம், அதாவது பிளேடுக்கும் அதை வந்து தாக்கும் காற்றுக்கும் இடையிலான கோணம், கூட்டல் 19.5 பாகையிலிருந்து கழித்தல் 19.5 பாகை வரை ஊசலாடும். டிஎஸ்ஆர் 2 ஆனால் 30 பாகை. ரோட்டார் காற்றைத் தடுத்து மெதுவாக்குவதால் உண்மையில் இந்தக் கோணம் குறையும்: காற்று 30 சதவீதம் மெதுவாகி வந்தால் 19.5 என்பது 13.5 ஆகிவிடும். எவ்வளவு மெதுவாகிறது என்பது பிளேடு எவ்வளவு விசை தருகிறது என்பதைப் பொறுத்தது, விசையோ கோணத்தைப் பொறுத்தது. போதாக்குறைக்கு, முன்பாதியில் கலைத்துவிட்ட காற்றிலேயே பின்பாதியில் மறுபடி நுழைய வேண்டும். இந்தச் சுழலை மென்பொருள் எப்படி அவிழ்க்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும்.

கியூபிளேடு இதற்கு இரண்டு வழிகள் தருகிறது. ஒன்று டிஎம்எஸ் எனப்படும் இரட்டைப் பல்குழாய் முறை. ரோட்டாரைக் காற்றோட்டக் குழாய்களாகப் பிரித்து, முன்பாதிக்கும் பின்பாதிக்கும் தனித்தனியே உந்தச் சமன்பாடு போடும் முறை. டெம்ப்ளின் 1974-ல் ஒரே குழாயாகத் தொடங்கியதை ஸ்ட்ரிக்லேண்ட் பல குழாய்களாக்கினார், பராஸ்கிவோயு இரட்டிப்பாக்கினார். மற்றொன்று கட்டற்ற சுழல் முறை. பிளேடிலிருந்து கழன்று போகும் சுழல்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, அவை ஒன்றையொன்று எப்படித் தள்ளுகின்றன என்று கணிக்கும். முதலாவது வினாடிகளில் முடியும். இரண்டாவது மணிக்கணக்கில் இழுக்கும்.

ஆனால் எதைத் தேர்ந்தாலும் இரண்டுமே ஒரே போலாரைத்தான் சாப்பிடுகின்றன. அங்கேதான் பெரும்பாலான வேலை கெட்டுப்போகிறது.

போலாருக்கு முன்னால் ரெனால்ட்ஸ் எண்ணைக் கையால் போட்டுப் பாருங்கள்: காற்று வேகத்தை பிளேடின் அகலத்தால் பெருக்கி, காற்றின் இயக்கப் பிசுக்குமையால் வகுத்தால் வருவது அது. நம் உதாரண ரோட்டார் 6 மீட்டர்/வினாடி காற்றில், டிஎஸ்ஆர் 3-ல் சுழலும்போது பிளேடு உணரும் காற்று வேகம் ஒரு சுற்றுக்குள் 12-க்கும் 24-க்கும் இடையே மாறுகிறது. 35 பாகை வெயிலில் ரெனால்ட்ஸ் எண் சுமார் 1,45,000-லிருந்து 2,90,000 வரை. காற்று 4 மீட்டராகக் குறைந்தால் 97,000-லிருந்து 1,94,000. ஒரு பிளேடு ஒரே சுற்றில் இவ்வளவு மாற்றத்தைக் காணும்போது, ஒரு மில்லியனுக்குக் கணித்த ஒற்றைப் போலாரை மாட்டிவிட்டு ஓட்டினால் வரும் சிபி, அதாவது திறன் குணகம், வெறும் ஆசை. குறைந்தது ஐந்து போலார்கள் வேண்டும்: 60,000, 1,00,000, 1,60,000, 2,50,000, 4,00,000. கியூபிளேடு இவற்றுக்கு இடையே தானே இடைமதிப்புக் காணும். அதற்குப் பல போலார் வசதியை பிளேடு அமைப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும்; தேர்ந்தெடுக்காமல் விட்டால் எச்சரிக்கை எதுவும் வராது.

ஃபாயிலின் விளிம்பைப் பிரிக்கும் பேனல்களின் எண்ணிக்கையை 200 அளவுக்கு உயர்த்திவிட்டுத் தொடங்குங்கள். கோணம் கழித்தல் 20-லிருந்து கூட்டல் 20 வரை, 0.5 பாகைப் படிகளில். வரும் காற்று எவ்வளவு அமைதியானது என்பதைச் சொல்லும் என்கிரிட் என்ற மதிப்பு எக்ஸ்ஃபாயிலில் வழக்கமாக 9. அது அமைதியான காற்றுச் சுரங்கத்துக்கான எண். மொட்டைமாடியில் வீசும் கொந்தளிப்பான காற்றுக்கும், சொந்தக் கலக்கத்திலேயே திரும்ப நுழையும் பிளேடுக்கும் 4 அல்லது 5 பொருத்தம். 1,00,000-க்குக் கீழே இந்த ஒரு மதிப்பே இழுவையைக் கணிசமாக மாற்றும், ஏனென்றால் அங்கே பிளேடின் மேல் காற்று விலகி உருவாகும் பிரிவுக் குமிழின் நீளத்தை அதுதான் தீர்மானிக்கிறது.

அடுத்த பொறி இன்னும் நுணுக்கமானது. ஸ்டாலுக்கு, அதாவது கோணம் மிகுந்து காற்று பிளேடை விட்டு விலகித் தூக்கு சரியும் நிலைக்கு, அப்பால் எக்ஸ்ஃபாயில் பல கோணங்களில் விடைக்கு வராமல் விட்டுவிடும். நாகா 0018 சமச்சீர் ஃபாயில். கூட்டல் 14-ல் கிடைத்த விடை கழித்தல் 14-லும் கிடைக்க வேண்டும். ஒரு பக்கம் 16 பாகை வரை விடை வந்து மறுபக்கம் 12-லேயே நின்றுபோனால், கியூபிளேடு அந்தச் சமச்சீரற்ற போலாரை அப்படியே 360 பாகைக்கு நீட்டிவிடும். பிறகு ரோட்டாரின் முன்பாதியும் பின்பாதியும் வெவ்வேறு ஃபாயிலால் செய்ததுபோல் நடந்துகொள்ளும். கூட்டல் பக்கத்தை எடுத்துக் குறி மாற்றிக் கழித்தல் பக்கத்தில் ஒட்டிவிடுவதே பாதுகாப்பு. அட்டவணைச் செயலியில் பத்து நிமிட வேலை.

360 பாகை நீட்டிப்புக்கு மான்ட்கோமரி, விட்டர்னா என இரண்டு முறைகள் உள்ளன. மான்ட்கோமரியில் நகர்த்தும் பட்டைகளைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். தூக்கு வளைவின் நேர்கோட்டுப் பகுதி எக்ஸ்ஃபாயில் புள்ளிகளோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். விட்டர்னாவில் 90 பாகை இழுவை, பிளேடின் நீள-அகல விகிதத்தால் வருகிறது: 1.11-உடன் விகிதத்தின் 0.018 மடங்கு. நம் பிளேடின் விகிதம் 10, எனவே 1.29. டிஎம்எஸ்ஸுக்கு இது சரி. சுழல் முறைக்கு இதே போலாரைக் கொடுக்காதீர்கள். பிளேடு முனையின் இழப்பை அந்த முறை தானே கணக்கிடுகிறது. போலாரிலும் அதைச் சேர்த்தால் ஒரே இழப்பு இரண்டு முறை கழிபடும்.

எக்ஸ்ஃபாயில் வேண்டாம், அளந்த தரவே வேண்டும் என்பவர்கள் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தின் 1981-ஆம் ஆண்டு ஷெல்டால்-கிளிமாஸ் அட்டவணைகளை நாடுவார்கள். ரெனால்ட்ஸ் எண் 10,000-லிருந்து ஒரு கோடி வரை, கோணம் 180 பாகை வரை உள்ள தொகுப்பு. செங்குத்து அச்சுக்காரர்களின் வேதம் என்றே சொல்லலாம். ஆனால் சுரங்கத்தில் வைத்து அளந்தவை 0009, 0012, 0015 போன்ற மெல்லிய ஃபாயில்கள் மட்டுமே. 0018, 0021, 0025 ஆகியவற்றின் எண்களும், மிகக் குறைந்த ரெனால்ட்ஸ் எண்களுக்கான வரிசைகளும் அந்தக் காலக் கணினி நிரலின் கணிப்பு. தடித்த ஃபாயில்களில் அந்த வரிசைகள் விசித்திரமாக வளைகின்றன. நம் ரோட்டார் ஓடுவது சரியாக அந்தப் பேட்டையில்தான். கண்ணை மூடிக்கொண்டு இறக்குமதி செய்வதற்கு முன் ஒருமுறை வரைந்து பாருங்கள்.

பிளேடு அமைப்பு எளிது. செங்குத்து அச்சு முறைக்கு மாறியதும் அட்டவணையில் உயரம், அகலம், ஆரம், திருக்கம், வட்டக் கோணம், நூல் அச்சு என்று நெடுவரிசைகள் வரும். வட்டக் கோணத்தை உயரத்தோடு மாற்றினால் திருகு வடிவப் பிளேடு. ஆரத்தை மாற்றினால் முட்டை அடிக்கும் கருவி போன்ற பழைய டாரியஸ் வடிவம். இங்கே அசட்டையாக விடப்படுவது நூல் அச்சு. பிளேடை அகலத்தின் எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பது அது. கால்பகுதியில் பிடிப்பதற்கும் நடுவில் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம், நம் ரோட்டாரில் 2.9 பாகைக் கோண மாற்றத்துக்குச் சமம். அகலத்தை ஆரத்தால் வகுத்து, அதில் கால்வாசியை எடுத்தால் ரேடியனில் கிடைக்கும் எண் இது. பட்டறையில் வெல்டர் எங்கே துளை போட்டாரோ அந்த இடத்தைக் கொடுங்கள். புத்தகத்தில் பார்த்த இடத்தைக் கொடுக்காதீர்கள்.

இதோடு உறவுள்ள இன்னொரு விஷயம், பிளேடு நேராகப் போகாமல் வட்டத்தில் போவது. வட்டப் பாதையில் போகும் நேரான ஃபாயில், மையத்தை நோக்கி வயிறு தள்ளிய வளைந்த ஃபாயில் போல நடந்துகொள்ளும். வளைவின் அளவு, அகலத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரும்: இங்கே 2.5 சதவீதம். சின்ன எண்ணாகத் தெரியலாம், ஆனால் 2.5 சதவீத வளைவுள்ள ஃபாயிலை யாரும் சமச்சீர் ஃபாயில் என்று சொல்ல மாட்டார்கள். டிஎம்எஸ் இதைப் பார்ப்பதே இல்லை. சுழல் முறையில் தூக்கையும் இழுவையையும் பிளேடின் இரு வேறு புள்ளிகளில் மதிப்பிடும் ஒரு தெரிவு உண்டு. செங்குத்து அச்சுக்கு அதை இயக்கியே வைத்திருங்கள். அகலத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம் 0.1-க்குக் கீழே உள்ள பெரிய ரோட்டார்களில் மட்டும் இதை மறந்துவிடலாம்.

டிஎம்எஸ்ஸுக்கு வருவோம். காற்றடர்த்தி, பிசுக்குமை, பிளேடைப் பிரிக்கும் துண்டுகள், அதிகபட்ச மறுசெய்கை, விடை நிலைத்துவிட்டது என்று கொள்ளும் பிழை எல்லை, தளர்வுக் காரணி ஆகியவற்றைக் கேட்கும். அடர்த்தியின் இயல்பு மதிப்பு 1.225, அதாவது 15 பாகை வெப்பநிலைக்கு உரியது. 35 பாகையில் கடல்மட்டத்தில் அது சுமார் 1.146. வாட் கணக்கில் 6.5 சதவீதம் அங்கேயே போய்விடும். 6 மீட்டர் காற்றில் நம் 4 சதுர மீட்டரில் வந்து சேர்வது மொத்தமே 495 வாட், சிபி 0.30 என்றால் தண்டில் கிடைப்பது 150 வாட்டுக்கும் கீழே. முனை இழப்பைச் சேர்க்கும் தெரிவை இயக்குங்கள். காற்று எவ்வளவு மெதுவாகிறது என்பதைச் சொல்லும் தூண்டல் காரணியை உயரத்துக்கும் கோணத்துக்கும் ஏற்ப மாறவிடும் தெரிவையும் இயக்குங்கள். விடை ஊசலாடினால் தளர்வுக் காரணியைக் குறைத்து மறுசெய்கையைக் கூட்டுங்கள்.

டிஎம்எஸ் எதற்கு நல்லது? ஒப்பீட்டுக்கு. அகலம் 15 சென்டிமீட்டரா 20-ஆ, பிளேடு இரண்டா மூன்றா, உச்சம் எந்த டிஎஸ்ஆர் பக்கம் நகர்கிறது என்பதையெல்லாம் ஒரு மாலைக்குள் ஐம்பது வடிவங்களில் ஓட்டிப் பார்த்து வடிகட்டலாம். உச்சத்துக்கு வலப்பக்கம் ஓரளவு நம்பலாம், இடப்பக்கம் நம்பக் கூடாது. டிஎஸ்ஆர் 2-க்குக் கீழே பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் ஆழ்ந்த ஸ்டாலுக்குள் போய் வருகிறது. அங்கே விசை, கோணத்தை மட்டுமல்லாமல் கோணம் மாறும் வேகத்தையும் பொறுத்தது. நிலையான போலாரை வைத்து அதைக் கணிக்க முடியாது. ஆகவே 'தானாகத் தொடங்குமா' என்ற கேள்வியை டிஎம்எஸ்ஸிடம் கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் ஏதோ ஒரு விடை சொல்லும் என்பதுதான் ஆபத்து.

சாலிடிட்டி, அதாவது பிளேடுகளின் மொத்த அகலம் ரோட்டாரின் அளவில் எத்தனை பங்கு என்பது, கூடும்போது இன்னொரு விரிசல் விழும். குழாயில் காற்று பாதிக்கு மேல் மெதுவாகிவிட்டால் உந்தச் சமன்பாடே பொருளிழக்கும். அதற்கு மேல் அனுபவச் சூத்திரத்தை ஒட்டுப்போட்டுத்தான் ஓட்ட வேண்டும். நம் ரோட்டாரின் சாலிடிட்டி 0.6. ஆனால் இதை ஆரத்தால் வகுத்தால்தான் 0.6, விட்டத்தால் வகுப்பவர்களுக்கு 0.3, சுற்றளவால் வகுப்பவர்களுக்கு 0.095. ஆய்வுக் கட்டுரையில் பார்த்த எண்ணோடு ஒப்பிடும் முன் அவர்கள் எதால் வகுத்தார்கள் என்று பாருங்கள். செங்குத்து அச்சு ரோட்டாருக்குப் பின்னால் காற்று ஒரு பக்கமாக ஒதுங்கும் என்பதும் டிஎம்எஸ்ஸுக்குத் தெரியாது. இடமும் வலமும் அதற்கு ஒன்றே.

மென்பொருளில் இல்லாத, நீங்களே கையால் கழிக்க வேண்டிய பெரிய தொகை ஸ்ட்ரட், அதாவது பிளேடைத் தண்டோடு இணைக்கும் கைகள். டிஎம்எஸ் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. தோராயக் கணக்கு இது: ஸ்ட்ரட்களின் எண்ணிக்கை, ஒன்றின் அகலம், இழுவைக் குணகம், டிஎஸ்ஆரின் கனம் (3 என்றால் 27) ஆகியவற்றைப் பெருக்கி, ரோட்டார் உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் சிபியில் விழும் இழப்பு கிடைக்கும். பிளேடுக்கு இரண்டு வீதம் ஆறு ஸ்ட்ரட், 25 மில்லிமீட்டர் உருளைக் குழாய், இழுவைக் குணகம் 1.1, டிஎஸ்ஆர் 3, உயரம் 2 மீட்டர் என்று போட்டுப் பாருங்கள். 0.278 வரும். கணித்த சிபி 0.30 என்றால் மிச்சம் கிட்டத்தட்ட எதுவுமில்லை. அதே ஸ்ட்ரட்டை 6 சென்டிமீட்டர் அகலமுள்ள ஃபாயில் வடிவத்தில் செய்து, இழுவை 0.03 என்று வைத்தால் இழப்பு 0.018. 'கணினியில் 30 சதவீதம் காட்டியது, செய்து மாட்டினால் சுற்றவே இல்லை' என்ற புலம்பல்களில் பெரும்பகுதிக்கு விடை இந்த உருளைக் குழாயில் இருக்கிறது. சுழல் முறையில் ஸ்ட்ரட்டுக்கும் ஃபாயிலும் போலாரும் கொடுத்து ரோட்டாரோடு சேர்க்கலாம். அதைச் செய்தாலும் ஸ்ட்ரட் பிளேடோடு சேரும் மூலையில் எழும் இடையூறு இழுவை கணக்குக்கு வெளியேதான் நிற்கும். மூலையை வளைவாக நிரப்பிச் செய்வதுதான் அதற்கு மருந்து.

சுழல் முறைதான் கியூபிளேடை மற்ற இலவசக் கருவிகளிலிருந்து பிரித்து நிறுத்துகிறது. பிளேடு விட்டுச்செல்லும் தடம் திரையில் சுருண்டு நகர்வதைப் பார்க்கலாம். அழகுக்காகச் சொல்லவில்லை. அளவுருக்கள் தவறென்றால் அந்தப் படத்திலேயே முதலில் தெரிந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

காலப்படியை பாகையில் யோசியுங்கள்: 5 பாகையில் தொடங்கி, பிறகு 3 வைத்து ஒப்பிடுங்கள். பிளேடுக்கு 20 துண்டுகள், முனைப் பக்கம் நெருக்கமாக. தடத்தின் நீளம் சுற்றுகளில் கேட்கப்படும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு சுற்றுக்குள் காற்று நகரும் தூரம் டிஎஸ்ஆரைப் பொறுத்தது. டிஎஸ்ஆர் 2-ல் அது விட்டத்தின் 1.57 மடங்கு, 4-ல் 0.79 மடங்கு, அதுவும் காற்று மெதுவாகாமல் போனால். விட்டத்தின் ஆறு மடங்கு தூரத்துக்குத் தடம் வேண்டுமென்றால் டிஎஸ்ஆர் 2-ல் நான்கு சுற்று போதும். 4-ல் எட்டுச் சுற்று, மெதுவாவதைச் சேர்த்தால் பன்னிரண்டுக்கும் மேல். எல்லா டிஎஸ்ஆருக்கும் ஒரே நீளத்தை வைத்து ஓட்டினால் உயர் டிஎஸ்ஆரில் தடம் குட்டையாகி, காற்று போதுமான அளவு மெதுவாகாமல், சிபி பொய்யாக உயர்ந்து நிற்கும். வளைவின் வலப்பக்கம் இறங்க மறுக்கிறதென்றால் முதலில் இதைச் சோதியுங்கள்.

நேரச் செலவுக்கும் ஒரு கணக்கு. மூன்று பிளேடு, 20 துண்டு, சுற்றுக்கு 72 படி, 10 சுற்றுத் தடம் என்றால் 43,200 கட்டங்கள். கட்டத்துக்கு இரண்டு சுழல் இழை வீதம் 86,400. ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றின் மீதும் தாக்கம் செலுத்துவதால் ஒரு படிக்குச் சுமார் 746 கோடிக் கணிப்புகள். 15 சுற்று ஓட்டினால் அப்படி 1,080 படிகள். வரைகலை அட்டையை ஓப்பன்சிஎல் வழியாகப் பயன்படுத்தும் வசதி இருப்பதன் காரணம் இதுதான். வெறும் மடிக்கணினிச் செயலியில் ஒரு முழு வளைவை எடுக்கக் கிளம்பினால் இரவு முழுக்க விசிறி அலறும். தடத்தை மண்டலங்களாகப் பிரித்து, பின்னால் போகப் போக இழைகளை ஒன்றிணைக்கும் அமைப்பும் உண்டு. முதல் ஒன்றிரண்டு சுற்றைத் தொடாமல் வைத்து, அதற்குப் பின்னால் மட்டும் இணைத்தால் துல்லியம் அதிகம் கெடாது. பின்பாதிப் பிளேடு வெட்டிச் செல்லும் பகுதியிலேயே இணைப்பைத் தொடங்கிவிட்டால் முறுக்குவிசை வளைவு பல்பல்லாகத் தெரியும்.

அதே வளைவில் பின்பாதியில் மட்டும் கூர்மையான ஊசிகள் எழுந்தால் காரணம் வேறு: சுழலின் உட்கரு மிகச் சிறியது. பிளேடு ஓர் இழைக்கு மிக அருகில் போகும்போது வேகம் எக்குத்தப்பாக ஏறுகிறது. உட்கரு ஆரத்தை அகலத்தின் 5 சதவீதத்திலிருந்து 10, 20 என்று ஏற்றிப் பாருங்கள். ஊசி மறைந்து, சராசரி சிபி மாறாமல் இருந்தால் சரி. சராசரியும் நகர்ந்தால் படிகளின் அளவில்தான் கோளாறு. சராசரி எடுக்கும்போது தொடக்கச் சுற்றுகளைத் தூக்கி எறியுங்கள். தடம் வளர்வதற்கு முன் ரோட்டாருக்குக் கிடைப்பது கலையாத காற்று. அதைச் சேர்த்தால் சிபி கூடுதலாகத் தெரியும்.

இயங்கு ஸ்டாலுக்கும், அதாவது கோணம் வேகமாக மாறும்போது நேரும் ஸ்டாலுக்கும், சில மாதிரிகள் உண்டு. கோர்மான்ட்-பெர்க் செங்குத்து அச்சு உலகில் பழக்கமானது. கோர்மான்ட் 1973-ல் ஹெலிகாப்டருக்காக எழுதியது; டாரியஸ் ரோட்டாரின் பெருங்கோணங்களுக்கு அது மிகையாகத் தூக்கு கொடுத்ததால், பெர்க் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். மாதிரியை இயக்கியும் அணைத்தும் ஓட்டிப் பாருங்கள். டிஎஸ்ஆர் 4-ல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் போலாரில் கோளாறு. டிஎஸ்ஆர் 2-ல் வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும்.

சொந்த ரோட்டாரை நம்புவதற்கு முன் அளந்த ஒன்றை ஓட்டிப் பார்ப்பது நல்லது. அதற்கு மிகச் சரியான பொருத்தம் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் ஆர்வாட் ரோட்டார். விட்டம் 1 மீட்டர், உயரம் 1 மீட்டர், மூன்று பிளேடு, நாகா 0020, அகலம் 14 சென்டிமீட்டர், பிடிப்பு நடுவில், ஸ்ட்ரட்டும் அதே ஃபாயில். நீர்த்தொட்டியில் இழுத்து அளந்த தரவைப் பீட்டர் பஷாண்டும் மார்ட்டின் வோஸ்னிக்கும் பொதுவில் வைத்திருக்கிறார்கள். 1 மீட்டர்/வினாடியில் உச்ச சிபி சுமார் 0.26, டிஎஸ்ஆர் 1.9 அருகில். தண்ணீர் என்பதால் ஒதுக்கிவிடாதீர்கள்: பிளேடின் ரெனால்ட்ஸ் எண் அங்கே சுமார் 2,70,000, நம் சிறிய காற்றாலை இருக்கும் அதே இடம். அகலம்-ஆரம் விகிதம் 0.28, ஸ்ட்ரட் இழுவை, ஆழ்ந்த ஸ்டால் என்று மேலே சொன்ன எல்லாத் தொல்லையும் இந்த ஒரு ரோட்டாரில் கூடிவந்திருக்கின்றன. ஸ்ட்ரட் இல்லாத டிஎம்எஸ் வளைவையும், எல்லாம் சேர்த்த சுழல் முறை வளைவையும் அளந்த புள்ளிகளோடு ஒரே தாளில் வரைந்தால், எந்தத் திருத்தம் எவ்வளவு எடை என்பது தெரிந்துவிடும். பெரிய ரோட்டார் வேண்டுமென்றால் டெக்சாஸின் புஷ்லேண்டில் 1980-களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய சாண்டியாவின் 34 மீட்டர் சோதனை ஆலையின் தரவு இருக்கிறது.

புதிய பதிப்பில் உள்ள கட்டமைப்புப் பகுதியைத் தொடாமல் விட்டுவிடாதீர்கள். க்ரோனோ என்ற திறந்தமூல இயக்கவியல் நூலகத்தின் மேல் கட்டியது. பிளேடின் வளைவையும் அதிர்வையும் காற்றியக்கத்தோடு சேர்த்தே கணிக்கும். டிஎஸ்ஆர் 3-ல் 6 மீட்டர் காற்றுக்கு நம் ரோட்டார் நிமிடத்துக்கு 172 சுற்று, 1.5 கிலோ பிளேடு ஒவ்வொன்றும் சுமார் 50 கிலோ விசையுடன் வெளியே இழுக்கும். காற்று இரட்டித்து அதே டிஎஸ்ஆரில் ஓடினால் 200 கிலோ. அதன் மேல் ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறும் காற்று விசை. கியூபெக்கின் கேப்-ஷாவில் 1993 வரை ஓடிய ஏயோல், உலகின் மிகப் பெரிய செங்குத்து அச்சுக் காற்றாலை. அது நின்றுபோனது அடித்தாங்கி பழுதானதால். சிபி வளைவு இதையெல்லாம் சொல்லாது. இந்தப் பகுதியைக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நேரம் பிடிக்கும்: உள்ளீட்டுக் கோப்புகளை உரைவடிவில் எழுத வேண்டும், ஒரு நெடுவரிசை மாறினால் பிழைச் செய்தி எதை எதையோ குறிக்கும்.

குறைகளைச் சொல்வதானால், இடைமுகம் கிடைமட்ட அச்சுக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. இயல்பு மதிப்புகளும் பெரிய ஆலைகளின் வாசனையோடுதான் வருகின்றன. கோணத்தின் குறி எந்தப் பக்கம் கூட்டல் என்பதில் குழம்பாதவர் அரிது. கூட்டல் 2, கழித்தல் 2 என்று இரண்டையும் வைத்து, முப்பரிமாணப் படத்தில் பிளேடின் மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். தடங்களைச் சேமித்தால் திட்டக் கோப்பு பூதமாக வீங்கும். காற்று தள்ளிச் சுழலும் சவோனியஸ் வகை வாளிகளுக்கு இது உதவாது, ஏனென்றால் இங்கே எல்லாமே மெல்லிய ஃபாயிலின் போலாரை நம்பி நிற்கிறது. டாரியஸுக்குள் சவோனியஸைச் செருகும் கலப்பு ரோட்டாரை இதில் போட்டுக் காட்டும் ப்ராஜெக்ட் அறிக்கையைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

மாற்று வேண்டுமென்றால் சாண்டியாவின் காக்டஸ் இருக்கிறது. இதே சுழல் முறை, ஃபோர்ட்ரானில் எழுதியது, படமில்லை, உரைக்கோப்பு மட்டும். ஒரே வடிவத்தை நூறு முறை மாற்றி ஓட்டும் நிரல் எழுதுபவருக்கு அதுவே வசதி. ஓப்பன்ஃபோம் என்ற திறந்தமூலப் பாய்மக் கணிப்பு மென்பொருளில் கை பழகியவர்களுக்குப் பஷாண்ட் எழுதிய டர்பைன்ஸ்ஃபோம்: ரோட்டாருக்குப் பின்னால் உள்ள தடத்தின் கொந்தளிப்பும், இரண்டு ரோட்டார்கள் அருகருகே நிற்பதும் உங்கள் கேள்வி என்றால் இதுவே மேல். இருபரிமாண சிஎஃப்டி, அதாவது கணினிப் பாய்மக் கணிப்பு, ஓட்டி 0.45 சிபி காட்டுபவர்களிடம் முனையும் ஸ்ட்ரட்டும் எங்கே போயின என்று கேளுங்கள்.

கியூபிளேடின் சமூகப் பதிப்பு விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் கிடைக்கிறது. விலையில்லை, ஆனால் உரிமம் கல்வி மற்றும் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும். காற்றாலை செய்து விற்கும் நிறுவனம் என்றால் கட்டணப் பதிப்பு வாங்க வேண்டும். கட்டமைப்புப் பகுதி தேவையில்லை, டிஎம்எஸ்ஸும் அடிப்படைச் சுழல் முறையும் போதும் என்பவர்களுக்குப் பழைய 0.963 பதிப்பு ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமத்தில் இருக்கிறது. சிறியது, பழைய கணினியிலும் ஓடும், மாணவர்களுக்குப் போதும். தொடங்கும்போது சமூகப் பதிப்பையே நிறுவுங்கள்; ஓப்பன்சிஎல் இயக்கியைக் கணினி கண்டுகொள்கிறதா என்பதை முதல் ஓட்டத்துக்கு முன்பே அமைப்புப் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.